வெள்ளைப் பூ சொன்ன வண்டி

வாங்க வந்த வண்டி பெட்ரோலா டீசலான்னு கேக்கறீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா நின்னுக்கிட்டே கேக்காதீங்க தம்பி, அந்த மரக்கட்டை மேல உக்காருங்க. அழுக்கில்ல, காலையிலதான் கூட்டுனேன். கார எங்க விட்டீங்க? வாசல்லயா? வாசல் வரைக்கும் ஏறிருச்சா? அந்த ரெண்டாவது வளைவுல அடியில எங்கயும் தட்டலீங்களே? தட்டல. சரி. நல்லதுங்க. ரொம்ப நல்லது.

இந்த ரோட்டுல வந்த மொதக் காரு உங்களுதுதான். போன தை மாசம் வந்திருந்தீங்கன்னா இங்க ரோடே கெடையாது. மெயின் ரோட்டுல பஸ்ஸ விட்டு எறங்கி, அந்தக் கல்லுப் பாலத்தத் தாண்டி, ஒத்தையடிப் பாதையில மூணு கிலோமீட்டர் ஏறணும். சேலத்துல இருந்து சொந்தக்காரங்க வந்தா பாதியில பாறை மேல உக்காந்துக்கிட்டு, ‘அர்த்தனாரி, நீ மனுசனா ஆடா’ன்னு கேப்பாங்க. அர்த்தனாரிங்கறது நாந்தான். இப்பப் பாருங்க, நீங்க ஜன்னல ஏத்திவிட்டுக்கிட்டு ஜம்முன்னு வந்து எறங்கறீங்க.

வண்டி இதுதான். தொட்டுப் பாருங்க, சும்மா தொடுங்க. குட்டி புல்டோசர்னு பேரு. நாலரை அடி அகலம், ரெண்டு டன்னு. அமெரிக்காக்காரன் செஞ்சது, எனக்கு மூத்தது. பெட்ரோல் வண்டி.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிர்றேன். நீங்க டீசலே வாங்குங்க. பெட்ரோல் பக்கமே தல வெச்சுப் படுக்காதீங்க. பெட்ரோல் வாங்குன பாவத்துக்குத்தான் என் சம்சாரம் இல்லாம ஒத்தையில நிக்கறேன். ஐயையோ, இல்லீங்க. அப்பிடியெல்லாம் இல்ல. நல்லா இருக்கா. நல்லான்னா, இருக்கா. சேலம் கொண்டலாம்பட்டியில, அவ தம்பி குழந்தைவேலு வீட்டுல. அவ திரும்பி இங்க வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி, பாவாயி இந்த வாசல்ல வந்து எறங்கணும். அவ்வளவுதான்.

போன மார்கழியில அவளுக்குக் காலு வீங்குச்சு. காப்பிப் பழம் பொறுக்கிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னதால வீங்குதுன்னு நெனச்சோம். அப்புறம் மூஞ்சி வீங்குச்சு. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனா, ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுன்னுட்டாங்க. வாரத்துல ரெண்டு நாளு, திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும், மிஷின்ல படுத்து ரத்தத்தச் சுத்தம் பண்ணணும். நாலு மணி நேரம். உசுரு இருக்கறவரைக்கும்.

மூணு கிலோமீட்டர் அவளால எப்பிடி நடக்க முடியும்? மர நாற்காலிக்கு ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு ஆளு தோள்ல தூக்கிக்கிட்டு எறங்குவாங்க. சாயந்தரம் அதே மாதிரி தூக்கிக்கிட்டு ஏறுவாங்க. அவளுக்கு அது பெரிய வெக்கமுங்க. முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்குவா. பாதையில எதுக்க ஆளு வந்தா, ‘எறக்குங்க சாமி, எறக்குங்க, அவங்க போகட்டும்’னுவா. எறக்கிட்டு, ஆளு போனதும் மறுபடி தூக்குவாங்க.

அப்ப அவ சொன்னா. ‘ஏனுங்க, குழந்தைவேலு வீட்டுப் பக்கத்துலயே ஒரு ரூமு பாத்துக்கிட்டு ரெண்டு பேரும் கீழ போயிரலாங்க’ன்னு. நோவுல பேசற பேச்சுங்க அது. முப்பத்தஞ்சு வருசமா இந்தக் குளுருல இருந்த ஒடம்பு சேலத்து வெயிலத் தாங்குமா? கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு இந்த ஏழு ஏக்கராவும் முள்ளுங்க. அவளும் நானும் வெட்டி வெச்ச செடி ஒவ்வொண்ணும். இத விட்டுட்டு அவளால அங்க இருக்க முடியுமா? அவளுக்கு என்ன வேணும்னு அவளவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். நான் சொன்னேன், ‘பாவாயி, நீ எறங்க வேண்டாம். காரு உன் வாசலுக்கு வரும்’னேன். அவ முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டா. சந்தோசம்னு வெச்சுக்கிட்டேன்.

என்ன கேக்கறீங்க? ஜேசிபியா? எல்லாரும் அதான் கேட்டாங்க. அந்தப் பாலத்தப் பாத்தீங்கல்ல, வெள்ளக்காரன் காலத்துது, அகலம் ஏழடிதான். உங்க காரே ரெண்டு பக்கமும் கை வெக்க எடமில்லாமத்தான் வந்திருக்கும். ஜேசிபி எங்க நுழையறது? நுழைஞ்சாலும் அந்த வெயிட்டுக்குப் பாலம் தண்ணியிலதான் கெடக்கும். ஆள வெச்சு வெட்டலாம்னா, இருக்கற பாறைக்கு மூணு வருசம் ஆகும். ஏற்காட்டு டவுன்ல ஷெட்டு வெச்சிருக்கற இருதயராஜ்தான் சொன்னாப்ல. மெக்கானிக்கு, கெட்டிக்காரன். ‘அண்ணா, அந்தக் காலத்துல எஸ்டேட்டுக்காரங்க குட்டி புல்டோசர் வெச்சிருந்தாங்க, தேடுனாக் கெடைக்கும்’னாப்ல. தேடுனோம். ரெண்டு கெடச்சுது.

ஒண்ணு இது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட்டு கொட்டகையில, மேல கோணி போட்டுக் கெடந்துச்சு. இன்னொண்ணு சங்ககிரியில, லாரிய ஒடைச்சு விக்கற எடத்துல. அது டீசலு. நாலு டன்னு.

இப்ப நீங்க என்ன பண்ணுவீங்க? டக்குனு ஒண்ண வாங்கிருவீங்க. நான் அப்பிடிப்பட்ட ஆளு இல்லீங்க. எதையும் ஆற அமர யோசிப்பேன். ஒரு நோட்டு போட்டேன். பெட்ரோல் ஒரு பக்கம், டீசல் ஒரு பக்கம். டீசலு மாடு மாதிரி இழுக்கும், கொஞ்சமாக் குடிக்கும். ஆனா பம்பு ரிப்பேர் ஆச்சுன்னா கோயமுத்தூருக்குக் கட்டித் தூக்கிட்டுப் போகணும். பாலத்துக்கு வெயிட்டும் சாஸ்தி. பெட்ரோலு லேசு, ரிப்பேர நானே பாத்துக்கலாம். ஆனா குடிக்குங்க, குடிகாரன் கெட்டான். கேன்ல ஊத்தித் தாங்கன்னா பெட்ரோல் பங்க்குல மொறைப்பான். ஒரு நாளு பெட்ரோலுன்னு முடிவு பண்ணுவேன். மக்யா நாளு டீசலு. தை போச்சு, மாசி போச்சு, பங்குனி போச்சு.

சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. அவள ஆஸ்பத்திரியில படுக்க வெச்சாங்கன்னா நாலு மணி நேரம். அங்க உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன்? ரத்தம் கொழாய்ல போறத எத்தன தடவ பாக்கறது? அந்த நேரத்துல சங்ககிரிக்குப் பஸ் ஏறி டீசல ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவேன். இஞ்சினுக்குள்ள கை விட்டுப் பாப்பேன், ஆயிலத் தொட்டு மோந்து பாப்பேன். திரும்பி வர்றப்ப அவ எந்திரிச்சு உக்காந்து வாசலயே பாத்துக்கிட்டு இருப்பா. ‘எங்க போனீங்க’ன்னு கேப்பா. ‘உனக்காகத்தான் அலையறேன்’னு சொல்லுவேன். பக்கத்துக் கட்டில் பொம்பள ஒருத்தி ஒரு நாளு என்னையப் பாத்து, ‘ஊசி குத்தறப்ப அந்தக்கா கையப் புடிச்சுக்க ஆளில்லாம என் கையப் புடிச்சுக்குது’ன்னா. அவளுக்கு ரோட்டப் பத்தி என்ன தெரியும்?

பங்குனிக் கடைசியில ஒரு மழ. எறங்கறப்ப முன்னால தூக்குனவனுக்குக் காலு வழுக்கிருச்சு. நாற்காலியோட விழுந்தா. ஊசி போடற கை கல்லுல அடிச்சு, நீலமாப் போச்சு. அழல தம்பி. மண்ணுல உக்காந்துக்கிட்டே என்னையப் பாத்து, ‘பெட்ரோலோ டீசலோ எதையோ ஒண்ண வாங்கித் தொலைங்க, இல்ல என்னையக் கீழ விட்டுருங்க’ன்னா. சரியாத்தான் சொல்றா, சீக்கிரம் வாங்கணும்னு எனக்கும் உறைச்சுது.

ஆனா எது? அங்கதான் மறுபடி முட்டிக்கிச்சு. அப்பதான் பூக் கேக்கலாம்னு தோணுச்சு. உங்க பக்கம் இந்தப் பழக்கம் உண்டுங்களா? எங்களுக்கு எதுன்னாலும் சாமிகிட்டப் பூக் கேட்டுட்டுத்தான். பொண்ணு எடுக்கறது, கெணறு வெட்டறது, எல்லாமே. வெள்ள அரளி ஒண்ணு, செவப்பரளி ஒண்ணு, தனித்தனியா வெத்தலையில மடிச்சு நூலு சுத்தி சாமி முன்னால போட்டுரணும். மனசுக்குள்ள கேள்விய நெனச்சுக்கணும், இது வந்தா இன்னது, அது வந்தா இன்னதுன்னு. வெவரம் தெரியாத கொழந்த ஒண்ண எடுக்கச் சொல்லணும். எது வருதோ அதான் உத்தரவு. மாத்திப் பேசக்கூடாது.

வைகாசி மொத வெள்ளிக்கெழம. இங்க மேல பெரியாண்டவர் கோயிலு. பாவாயியையும் நாற்காலியில தூக்கிட்டுப் போனோம். ‘நானும் வர்றேன், பூவ நாந்தான் மடிப்பேன்’னு அவளே சொன்னா. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுங்களா? ரோட்டுல அவளுக்கும் அக்கற வந்துருச்சேன்னு. நான் மனசுல நெனச்சுக்கிட்டேன், வெள்ள வந்தா பெட்ரோலு, செவப்பு வந்தா டீசலு. அவ அந்த வீங்குன வெரல வெச்சுக்கிட்டு நிதானமா மடிச்சா. கண்ண மூடி ரொம்ப நேரம் கும்பிட்டா. பூசாரி மாரப்பனோட பேத்தி ஓடி வந்து ஒண்ண எடுத்துக் குடுத்துச்சு. பிரிச்சா, வெள்ள.

அவ மொகத்தப் பாக்கணுமே தம்பி நீங்க. அஞ்சு மாசமா அவ மொகத்துல அப்பிடி ஒரு வெளிச்சம் நான் பாக்கல. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது, சிரிக்கறா. வெள்ளப் பூவ எடுத்து என் கையில குடுத்து, ‘சாமியே சொல்லிருச்சுங்க, இனி நீங்க தடுக்கக் கூடாது’ன்னா. ‘நான் ஏன் தடுக்கறேன், நாளைக்கே போறேன்’னேன். பெட்ரோலு மேல அவளுக்கு இம்புட்டு ஆசையான்னு எனக்கே ஆச்சரியந்தான்.

வண்டி வந்துச்சு. பாலத்துல ஏத்தறப்ப ஊரே வந்து நின்னுச்சு. ஆனி பூரா வேல. மொதல்ல நல்லாத்தான் போச்சு. வண்டிய எப்பிடியோ பாதையிலயே மேல ஏத்திட்டு, வீட்டுக்குக் கீழ முந்நூறு அடி ஒரே வாரத்துல எடுத்துட்டேன். அவ ஜன்னலோரமா உக்காந்து காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருப்பா. சாப்பாட்டுக்கு வந்தா, ‘இன்னிக்குப் பெரிய கல்லு ஒண்ணு மாட்டிச்சாக்கும்’னு கேப்பா. பாக்காமயே.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பெட்ரோலோட புத்தி. சாஞ்ச எடத்துல ஏறுனா கார்புரேட்டர்ல பெட்ரோலு ஒரு பக்கமா ஒதுங்கி, இஞ்சின் நின்னுரும். மழத்தூத்தல் பட்டா தீப்பொறி குடுக்கற மேக்னெட்டோ நனஞ்சு ஒரு நாளு வேல போச்சு. ரெண்டாவது வளைவுல, சக்கரத்துக்கு மேல சுத்தி ஓடற இரும்புச் செயினே கழண்டு வெளிய வந்து விழுந்துருச்சு. இருதயராஜக் கூப்ட்டேன். அடியில குனிஞ்சு பாத்துட்டு, ‘ஏண்ணா, மூணு மாசமா நோட்டுப் போட்டுப் பாத்தீங்களே, ஒரு தடவையாச்சும் கீழ குனிஞ்சு பாத்தீங்களா? இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ரோலரு, பின்னு, செயினு எல்லாம் தேஞ்சு கெடக்கு. இந்த மாதிரி வண்டியில பெட்ரோலா டீசலாங்கறது ரெண்டாவது, மொதல்ல பாக்க வேண்டியது இதத்தாண்ணா’ன்னாப்ல. ‘அப்ப அந்த டீசலு?’ன்னேன். ‘அதுலயும் நீங்க மேலதானே மோந்து பாத்தீங்க’ங்கறாப்ல. மெக்கானிக்கு எதாச்சும் ஒண்ணு சொல்லிக்கிட்டேதான் இருப்பான். டீசலா இருந்தா இழுத்திருக்கும். எனக்குத் தெரியும்.

இதுக்கு நடுவுல வீட்டுல பாத்தா, அவ சேலையெல்லாம் மடிச்சுப் பச்ச சூட்கேசுல அடுக்கறா. கண்ணாடி, சீப்பு, கல்யாண போட்டோ எல்லாம். புல்டோசர் புழுதி வீட்டுக்குள்ள வருதே, அதுக்குத்தான் பத்திரப்படுத்தறான்னு நெனச்சேன். ‘என் வேட்டியையும் எடுத்து வெய்யி’ன்னேன். கொடியில இருந்து வேட்டிய எடுத்துக்கிட்டே வந்தா. ‘நெசமாத்தான் சொல்றீங்களா’ன்னு கேட்டா. ‘பின்ன, புழுதி என் வேட்டிய விட்டு வெக்குமா’ன்னேன். எடுத்த வேட்டிய மறுபடி கொடியிலயே போட்டுட்டா. எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

ஆடி மாசம் ஒரு வியாழக்கெழம. நான் வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்து செயின் மாட்டிக்கிட்டு இருந்தேன். நாற்காலி வந்துருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகணும். அன்னிக்கு நான் கூடப் போகல, அந்த மாசம் பூரா போகல, வேலைய விட முடியுங்களா? அவளே மெதுவா நடந்து வண்டிகிட்ட வந்தா. எனக்கு அடியில இருந்து அவ காலு மட்டுந்தான் தெரிஞ்சுது. செருப்பு ஏறாம வெறுங்காலு, பொதபொதன்னு வீங்கி. பக்கத்துல பச்ச சூட்கேசு. ‘ஏனுங்க, நான் கெளம்பறேங்க’ன்னா. ‘ஊம்’னேன். ‘வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லுங்க’ன்னா. ‘கையில ஸ்பேனர் இருக்கு, போ, போயிட்டு வா’ன்னேன். காலு கொஞ்ச நேரம் அங்கயே நின்னுச்சு. அப்புறம் போச்சு.

சாயந்தரம் நாற்காலி காலியா வருது. நாலு பேரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறானுங்க. குழந்தைவேலுதான் போன் பண்ணுனாப்ல. ‘மாமா, அக்கா இனிமே இங்கதான் இருக்கும், நீங்களும் வந்துருங்க’ன்னாப்ல. ‘போன அவகிட்டக் குடு மாப்ள’ன்னேன். அப்பதான் சொல்றா. கோயில்ல வெள்ள வந்துச்சே, அது பெட்ரோலுக்கு இல்லையாம். அவளும் மனசுல ஒண்ணு நெனச்சுக்கிட்டாளாம். வெள்ள வந்தா கீழ போறது, செவப்பு வந்தா வாயத் தொறக்காம இங்கயே கெடக்கறதுன்னு. ‘சாமி உத்தரவு குடுத்தும் ரெண்டு மாசம் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேங்க’ங்கறா.

எனக்குக் கோவம்னா கோவம். ஒரே பூவுக்கு ரெண்டு பேரு ரெண்டு கேள்வி கேக்கலாமா? நேரா பூசாரி மாரப்பன்கிட்டப் போனேன். நியாயத்தச் சொல்லு, வெள்ளப் பூவு யாருக்கு வந்துச்சுன்னேன். ‘பூவ மடிச்சது யாரு?’ன்னான். ‘அவ’ன்னேன். ‘நீ என்ன கேட்ட?’ன்னான். ‘பெட்ரோலா டீசலா’ன்னேன். கெழவன் சிரிக்கறான் தம்பி. ‘அதுக்குச் சாமி எதுக்குடா பதில் சொல்லணும், இருதயராஜ் சொல்ல மாட்டானா’ங்கறான். மறுபடி ஒரு தடவ பூப் போடு, அவ மேல வரணுமா, வேண்டாமான்னு கேக்கறேன்னேன். ஒரு வருசத்துக்குள்ள திரும்பக் கேட்டா சாமி குத்தம்னு நடையச் சாத்திட்டான்.

சரி, சாமி வேண்டாம். ரோட்டப் போட்டுட்டா அவளே வந்துருவா. அந்த ஒண்ணத்தான் புடிச்சுக்கிட்டேன். ஆவணி, பொரட்டாசி ரெண்டு மாசமும் நான் மனுசனா இல்லீங்க. காலையில ஏறுனா இருட்டறப்பதான் எறங்குவேன். பழஞ்சோறு, ஊறுகா. செயின் கழண்டா மாட்டறது, நின்னா ஓட்டறது. கையப் பாருங்க, ரெண்டு வெரலு மடங்காது இப்ப. அழுதிருக்கேன் தம்பி, இந்த சீட்டுல உக்காந்து வாய் விட்டு அழுதிருக்கேன். இஞ்சின் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காது.

அவளப் போயிப் பாத்தனான்னா? இல்லீங்க. எப்பிடிப் போறது? வேல இருந்துச்சில்ல. போன் பேசறோம். தெனமும் பேசறோம். சாயந்தரம் அஞ்சு மணிக்கு அவ கூப்புடுவா, வண்டி மேல உக்காந்து மண்ணத் தள்ளிக்கிட்டேதான் பேசுவேன். ‘சாப்ட்டீங்களா’ம்பா. ‘எப்ப வர்றீங்க’ம்பா. ‘ரோடு முடியட்டும் பாவாயி’ம்பேன். இப்ப வாரத்துக்கு மூணு நாளு ஆக்கிட்டாங்களாம் ஆஸ்பத்திரியில. கொரலு முன்ன மாதிரி இல்ல. காத்துதான் பெருசா வருது, வார்த்த சின்னதா வருது. போன வாரம் குழந்தைவேலு போன வாங்கி, ‘மாமா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க, அக்கா ராத்திரியில உங்க பேரச் சொல்லுது’ன்னாப்ல. என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டா தம்பி அவ. கட்டுன நாள்ல இருந்து ஒரு தடவ கூட சொன்னதில்ல.

வெலையா? இந்த வண்டிக்கா? வெல கேக்கறீங்க. நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பணமே வேண்டாம். நீங்க இப்ப சேலத்துக்குத்தானே எறங்கறீங்க. கொண்டலாம்பட்டி வழியாப் போங்க, அட்ரஸ் எழுதித் தர்றேன். உங்க கார்ல அவள உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்து இந்த வாசல்ல எறக்கி விட்டுருங்க. வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க, சும்மாவே எடுத்துட்டுப் போங்க. இருக்கற ஸ்பேர் எல்லாம் தர்றேன். டீசலுதான் நல்லதுன்னு சொன்னேன், இல்லன்னு சொல்லல, ஆனா சும்மா வர்றதுக்குப் பெட்ரோல் என்ன டீசல் என்ன? கால்ல வேணும்னாலும் விழறேன் தம்பி.

நீங்களே கூப்ட்டா வர மாட்டாங்களான்னு கேக்கறீங்க. அது வந்து... ரோடு முடிஞ்சு பன்னண்டு நாளு ஆச்சுங்க. அவகிட்ட நான் இன்னும் சொல்லல.

அப்பிடிப் பாக்காதீங்க. சொல்லி, ‘சரி, காரு வரும்னா நான் வர்றேன்’னு அவ சொல்லலன்னா? ‘எனக்கு வேண்டாம்’னுட்டா? அப்ப நான் எத வெட்டிக்கிட்டு இருக்கறது இந்த மலையில? வேல இருக்கற வரைக்கும் அவ வருவாங்கற நெனப்பாச்சும் இருக்குங்க. அதான் சொல்லல. ‘இன்னும் கொஞ்சம் பாக்கி, இன்னும் கொஞ்சம் பாக்கி’ன்னுட்டே இருக்கேன்.

மணி அஞ்சாகப் போகுதா? அடடே. எந்திரிங்க தம்பி, ஒரு கை குடுங்க. அந்த ஹேண்டில முன்னால சொருகி மேல பாத்து ஒரு சுத்துச் சுத்துங்க. கட்டவெரல மடக்கிப் புடிக்காதீங்க, திருப்பி அடிச்சா ஒடஞ்சுரும். எனக்குத்தான் வெரலு மடங்க மாட்டேங்குதே. சாயந்தரம் நாலேமுக்காலுக்கே ஆரம்பிச்சு எப்பிடியோ ஓட விட்டுருவேன். அவ கூப்புடறப்ப சத்தம் கேக்கணும்ல, வேல நடக்குதுன்னு நெனைக்கணும்ல. சுத்துங்க. இன்னொரு தடவ. ஆங்! ஓடுது, ஓடுது. விட்டுருங்க, தள்ளி நில்லுங்க.

போன் அடிக்குது பாருங்க. கரெக்டா அஞ்சு.

அலோ. ஆங், சொல்லு பாவாயி. சாப்ட்டேன், சாப்ட்டேன். என்னா? சத்தமாப் பேசு, வண்டி ஓடுதுல்ல. ஆமா, வேலதான். அந்தக் கடைசி வளைவுல ஒரு பாற, அத எடுத்துட்டா... இன்னும் ஒரு வாரம், பத்து நாளு... என்ன? என்னங்கற? யாரு சொன்னா? குழந்தைவேலு வந்தானா இங்க? பின்ன? இல்ல பாவாயி, நான் சொல்றதக் கேளு, வேல... அலோ? அலோ?

இருக்கா. வெக்கல.

தம்பி, அவளுக்குத் தெரிஞ்சிருக்குங்க. பன்னண்டு நாளாத் தெரியுமாம். யாரும் சொல்லலையாம். சும்மா நின்னு ஓடற சத்தத்துக்கும் மண்ணு தள்ளுற சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாங்கறா. ரெண்டு மாசம் ஜன்னல்ல உக்காந்து இதத்தானே கேட்டேங்கறா. தெரிஞ்சுக்கிட்டே தெனமும் கேட்டிருக்கா, எப்ப வர்றீங்கன்னு.

அந்த சுவிச்ச அமுக்கி இஞ்சின நிறுத்துங்க. செவப்பு, அந்த செவப்பு. ஆங்.

சொல்லு பாவாயி. இப்ப கேக்குது. இல்ல, யாரும் இல்ல, வண்டி பாக்க ஒரு தம்பி வந்திருக்காரு. ஆமா, கார்லதான். வாசலுக்கே வந்துச்சு. ம். ம்.

என்ன கேக்கறா தெரியுங்களா? ‘ரோடு எனக்குத்தானே வேணும், நான்தானே நடக்க முடியாதவ. உங்களுக்குக் காலு நல்லாத்தானே இருக்கு’ங்கறா.

என்ன சொல்லட்டும் தம்பி? லைன்லயேதான் இருக்கா.